இறக்கி வைத்த பிறகு

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அடுப்படியே பழகாதவர்களும் பார்த்துச் சமைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. இன்றும் அதற்கு இணை குறைவு. என் சிக்கல் பின்னால் வந்த சமையல் குறிப்புகளோடுதான். எல்லாமே "இறக்கி வைக்கவும்" என்று முடிந்துவிடுகின்றன. ஆனா நாம ரகசியமா ரசிக்கிறதெல்லாம் இறக்கி வச்சதுக்கு அப்புறம்தானே ஆரம்பிக்குது?

தயிர் சோற்றில் காராபூந்தியைப் போட்டு, அது ஊறுவதற்குள் தின்பது. இட்லிக்கு நேத்து வச்ச மீன் குழம்பு. இதற்கெல்லாம் கரண்டிக் கணக்கு கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது சட்டிச் சோறு. கறி வறுத்த சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டிய மசாலாவையும் எண்ணெயையும் துடைத்துப் பிசைவது. கருகுவதற்குச் சற்று முன் நின்றுவிட்ட அந்த அடிமசாலாவின் ருசி, கறியில்கூட வராது. பிள்ளைகள் அதற்குச் சண்டை போடும். ஆனால் பல வீடுகளில் அதை நின்றபடி சாப்பிட்டவர்கள், கடைசியாகச் சாப்பிடும் பெண்கள். அதன் ருசியை வெளியே சொன்னால் தனக்குக் கறி மிஞ்சவில்லை என்பதையும் சொன்னதாகிவிடும். அது ரகசியமானது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது சட்டிச் சோறு ஹோட்டல் மெனுவிலும் இருக்கிறது. சோறு, குழம்பு, மேலே ஒரு மீன் துண்டு. சட்டி என்னவோ புதுசு. அதில் யாரும் எதையும் வறுத்திருக்க மாட்டார்கள்.