கூலியா? உறவா? – யோபு நூல் பற்றி

துன்பம் ஏன் வருகிறது என்னும் வினாவுக்கு விடை கூறும் நூல் என்றே யோபு நூலைப் பலரும் கருதுகின்றனர். ஆயின், அதன் 42 அதிகாரங்களையும் பொறுமையோடு படித்து முடிப்போர்க்கு அத்தகைய விடை எதுவும் கிட்டுவதில்லை. நூலை நடத்திச் செல்லும் வினா வேறு. அதை எழுப்புகிறவன் சாத்தான். செல்வமும் பாதுகாப்பும் உள்ளவரைதான் யோபுவின் பக்தி நிலைக்கும் என்பது அவன் வாதம்.

அவ்விடத்தில் எபிரேய மூலத்தில் ‘ஹின்னாம்’ என்றொரு சொல் வருகிறது. ‘கைம்மாறின்றி’ என்றும் ‘காரணமின்றி’ என்றும் பொருள்படும் சொல் அது. அதே சொல் 2ஆம் அதிகாரத்தில் கடவுளின் கூற்றிலும், 9ஆம் அதிகாரத்தில் யோபுவின் கூற்றிலும் இடம்பெறுகிறது. கைம்மாறு கருதாமல் மனிதன் கடவுளை அன்பு செய்ய இயலுமா? காரணமின்றித் துன்புறும்போதும் அவ்வன்பு நிலைக்குமா? இரு வினாக்களையும் அந்த ஒரு சொல் பிணைத்து விடுகிறது.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டு அருட்பணியாளரும் இறையியலாளருமான குஸ்தாவோ குத்தியரெஸ் (1928–2024), யோபு பற்றி 1986இல் வெளியிட்ட நூலில் இந்தக் கைம்மாறு கருதா நம்பிக்கையையே மையமாகக் கொண்டார். ஏழை மக்களிடையே பணியாற்றியவரின் பார்வை அது. நாமும் அதை ஏற்கிறோம். அப்பார்வையோடு யோபுவின் நண்பர்களை நோக்கினால் மேலும் ஒன்று புலனாகும்.

எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் கடவுளுக்காக வழக்காடுபவர்கள் போலவே பேசுகின்றனர். மனம் திரும்பினால் இழந்த வாழ்வு மீளும் என்பது அவர்களது அறிவுரையின் சாரம். கேட்பதற்குப் பக்தி மணம் கமழும் சொற்கள்தாம். ஆனால் சாத்தான் எதைக் குற்றச்சாட்டாகக் கூறினானோ, அதையே இவர்கள் அறநெறியாகப் போதிக்கின்றனர்! அவர்கள் சொற்கேட்டு, மந்தைகளை மீட்பதற்காக யோபு மண்டியிட்டிருந்தால் சாத்தானின் வாதமே வென்றிருக்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நண்பர்கள் மூவரும் கடவுளைப் பற்றி நீண்ட உரைகள் ஆற்றுகின்றனர். கடவுளை நோக்கி ஒருமுறையேனும் பேசுவதில்லை. யோபுவோ புலம்புகிறார், வழக்காடுகிறார், சினக்கிறார். ஆயினும் மீண்டும் மீண்டும் ‘நீர்’ என்று கடவுளை நோக்கியே திரும்புகிறார். இறுதியில் சரியாகப் பேசியவர் என்று கடவுள் ஏற்பது யோபுவையே. முறையீடும் உறவின் மொழிதான்.

38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களில் கடவுள் பேசுகிறார். கடலையும் விண்மீன்களையும் மலையாடுகள் ஈனும் காலத்தையும் பற்றிப் பேசுகிறாரே அன்றி, துன்பத்தின் காரணத்தைக் கூறவில்லை. எதையும் திருப்பித் தருவதாக வாக்களிக்கவும் இல்லை. எனினும் யோபு நிறைவடைகிறார். கேள்வியால் மட்டுமே அறிந்திருந்தவரைக் கண்டுகொண்டது அவருக்குப் போதுமாயிற்று. அவ்வேளையில் அவர் சாம்பலில்தான் அமர்ந்திருக்கிறார். ஓர் ஆடுகூடத் திரும்பி வரவில்லை.

அதன் பின்னரே 7000 ஆடுகள் 14,000 ஆகின்றன. 3000 ஒட்டகங்கள் 6000 ஆகின்றன. மறையுரை மேடைகளில் பெரிதும் பேசப்படுவது இந்தக் கணக்குதான். இம்முடிவு நூலின் ஆழத்தைக் குறைத்துவிடுகிறது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வினா தீர்ந்த பிறகு வருவது கூலியன்று, கொடை. அதுவும் யோபு தமக்காக அன்றி, தம்மைப் புண்படுத்திய நண்பர்களுக்காக வேண்டியபோது வந்தது. மேலும், உடைமைகள் இருமடங்காயின. பிள்ளைகளோ முன்போலவே 7 புதல்வரும் 3 புதல்வியருமே. இறந்த பிள்ளைகளுக்கு எண்ணிக்கையால் ஈடு செய்ய இயலாது. மகனை அடக்கம் செய்துவிட்டு நிற்கும் தாயிடம், யோபு இருமடங்கு பெற்றாரே என்று சொல்பவர் பில்தாதின் வழியிலேயே நடக்கிறார்.

வேண்டுதல் தவறன்று. அன்றாட உணவைக் கேட்குமாறு ஆண்டவரே கற்பித்தார். ஆயினும் அம்மன்றாட்டு, தந்தையே என்று அழைத்த பிறகுதான் உணவைக் கேட்கிறது. அந்த வரிசையை நாம் மாற்றிவிடலாகாது.

கேட்டது கிடைக்காமற்போன பின்பும், அடுத்த செவ்வாயன்று புனித அந்தோணியார் நவநாளுக்கு வந்து அமைதியாக அமர்ந்திருக்கும் எளிய மனிதர்கள் நம் பங்குகளில் உண்டு. சாத்தானின் வினாவுக்கு அவர்களே விடை.