குறுங்காலப் பயணப் பாடமும் ஜெரெஜாக் தீவும்

இரண்டு மூன்று வாரங்கள் அயல்நாட்டில் தங்கி உயிரியல் அறவியல் பயிலும் மாணவர், 1979இல் பீச்சம், சில்ட்ரெஸ் ஆகிய இருவரும் வகுத்த நான்கு நெறிகளைக் கைக்கொண்டே வருகின்றனர். தன்னுரிமை அவற்றுள் ஒன்று. பினாங்கிற்கு வருவோர் ஜார்ஜ் டவுன் மருத்துவமனைகளை மட்டும் கண்டு திரும்பின், அந்நெறி சோதனைக்குள்ளாவதில்லை.

அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் தொழுநோயாளர் குடியிருப்பு இருந்தது. கப்பலில் வந்த தமிழ்த் தொழிலாளரைத் தடுத்து வைத்த நோய்த்தடுப்பு முகாமும் இருந்தது. 1969 முதல் 1993 வரை அத்தீவு சிறையாகவும் விளங்கியது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர், முகாமில் அடைபடுவதற்கும் இசைந்தவர் ஆவாரா? வாந்திபேதி மெய்யாகவே அஞ்சத்தக்கது. ஆதலின் விடை எளிதன்று. நகர் நலத்தின்பொருட்டுத் தொழிலாளியின் உடல் காவலில் வைக்கப்பட்ட அவ்விடத்திற்குப் பாடத்திட்டம் ஒரு நாளையேனும் ஒதுக்குதல் வேண்டும்.