மங்கலம்பேட்டை பாய் கடை டீ

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற பஸ்ஸில் மங்கலம்பேட்டையைக் கடப்பவர்கள் பெரும்பாலும் இறங்குவதில்லை. இறங்க வேண்டும். அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. நான் குடித்த டீயிலும் சரி, உட்கார்ந்த பெஞ்சிலும் சரி, அதற்கு இணையே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். போர்டு எதுவும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு அது 'பாய் கடை', அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் ஒரு கீற்றுக்கொட்டகை, வெளியே மூன்று பெஞ்சு, உள்ளே இரண்டு.

முதலில் டீ. பாய்லரில் வெந்நீர் எப்போதும் தளதளத்துக்கொண்டிருக்கும். துணிப்பையில் டஸ்ட் தூளைப் போட்டு, வெந்நீரை ஊற்றி, பையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற அந்தக் கை வேகத்தைப் பார்ப்பதற்கே போகலாம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சி.டி.சி. முறை 1930களில் அசாமில் வந்தது. பாய் போடுவது அந்த முறையில் வந்த தூள். சட்டென்று சாறு இறங்கும், நிறம் கொடுக்கும், பாலோடு போட்டி போட்டு நிற்கும். நம் ஊர் டீக்கடை என்கிற விஷயமே அந்தத் தூளின் மேல்தான் நிற்கிறது. பாய் சாயத்தைப் பாலில் காய்ச்சுவதே இல்லை. டிகாக்ஷன் தனி, பால் தனி. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இரண்டும் சேரும். ஒரு தடவை 'ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி' என்று சொன்னால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் சொல்ல வேண்டாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது கப். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தபோது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. பல கடைகள் கண்ணாடி கிளாசுக்குத் திரும்பின. பாய் விருத்தாசலத்துக்குப் போய்ப் பீங்கான் கப் வாங்கிவந்தார். பக்கத்திலேயே இருக்கிற பீங்கான் ஊரை விட்டுவிட்டு வேறெங்கே போவது! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. இந்த வட்டாரத்தில் பீங்கான் தொழில் காலூன்ற அந்த மண்தான் துணை. கொலு பொம்மை, அகல் விளக்கு, வீட்டுக்கு வீடு கரண்ட் போர்டில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை என்று விருத்தாசலத்துச் சூளையில் வேகாத சாமான் இல்லை. பாய் வாங்கியது செகண்ட்ஸ் சரக்கு. ஒரு கப்பில் கிளேஸ் சற்று வழிந்திருக்கும், இன்னொன்றில் விளிம்பு லேசாகச் சாய்ந்திருக்கும். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. தடித்த சுவர், கையைச் சுடாது, டீயும் சீக்கிரம் ஆறாது. பழைய வாடிக்கைக்காரர்கள் தங்கள் கப்பை அடையாளம் வைத்துக் கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு நீலப்புள்ளி விழுந்த கப்.

டீ ஆறாமல் இருப்பது அந்தக் கடைக்கு எவ்வளவு பொருத்தம் தெரியுமா? அங்கே யாரும் அவசரப்படுவதில்லை. ஒரே ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்காரலாம். 'வேற என்ன வேணும்?' என்று யாரும் வந்து நிற்கமாட்டார்கள். பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் எழுப்பமாட்டார்கள். பேப்பர் ஒவ்வொரு தாளாகப் பிரிந்து ஐந்தாறு பேர் கையில் இருக்கும். ஒரு மூலையில், "கமிட்டியில இன்னிக்கி மல்லாட்ட என்னா வெல போச்சுங்க?" என்று நிலக்கடலை விலையை ஒரு பெரியவர் கேட்பார். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி ரகங்களைப் பற்றி இன்னொரு பெஞ்சில் வாக்குவாதம் நடக்கும். ஒட்டுக்கன்று நட்டவருக்கும் விதை போட்டு வளர்த்தவருக்கும் இடையிலான அந்தச் சண்டைக்கு நான் ரசிகன். மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் முறையீட்டுச் சீட்டான பிராதைக் கட்டிவிட்டு வந்தவர்கள், தொழுகை முடித்து வந்தவர்கள் எல்லாரும் அதே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். நடவு வேலை முடித்துவரும் அக்காமார்கள் உள் பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி, நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு டீக்கடை நல்ல கடையா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது, பெண்கள் இப்படி நிம்மதியாக உட்கார முடிகிறதா என்பதைத்தான். நம் பக்கத்தில் இது எத்தனை கடைகளில் உண்டு?

இப்படி உட்காரவிடுகிற இன்னொரு கடையும் உண்டு. சீனாவின் செங்டு நகரத்தில், மக்கள் பூங்காவுக்குள் ஹமிங் என்றொரு தேநீர்க்கடை 1923 முதல் இருக்கிறது. மூங்கில் நாற்காலி, மூடியும் தட்டும் வைத்த பீங்கான் கிண்ணம், தீரத் தீர ஊற்றுகிற வெந்நீர். ஒரு கிண்ணம் வாங்கினால் பகல் முழுக்க உட்காரலாம், சீட்டாடலாம், காதுகூடக் குடைந்துகொள்ளலாம். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் அதைத் தேடிப் போகிறார்கள், போகட்டும். அந்தக் கடையின் குணம் முழுவதும் எனக்கு மங்கலம்பேட்டையில் கிடைக்கிறது. கூடவே வெங்காயச் சம்சாவும் கிடைக்கிறது.

சம்சாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். மெல்லிய மாவுத்தாளை முக்கோணமாக மடித்து, உள்ளே பச்சைமிளகாயோடு வதக்கிய வெங்காயம். கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்கும், உள்ளே இனிப்பும் காரமும் ஒன்றாக இறங்கும். ஸ்ட்ராங் டீயோடு அதைச் சாப்பிட்டவர் இன்னொன்று கேட்காமல் எழுந்து நான் பார்த்ததில்லை. மாலை நான்கு மணிக்குத்தான் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், ஐந்தரைக்கெல்லாம் தட்டு காலி. நாலேகாலுக்குப் போய்விடுங்கள். வேப்பமரத்தை ஒட்டின பெஞ்சில் இடம் பிடியுங்கள். நீலப்புள்ளிக் கப்பை மட்டும் கேட்காதீர்கள், அது என்னுடையது.