வேலை = சுழி: ஒரு பாடக்குறிப்பேட்டை வாசித்தல்

தமிழில் வருடாவருடம் பல்லாயிரம் பக்கங்கள் எழுதப்பட்டும் ஒரு வரி விமர்சனம்கூடப் பெறாத எழுத்து வகை ஒன்று உண்டு. பி.எட். படிப்பவர்கள் எழுதும் பாடக்குறிப்பேடுதான் அது. பழுப்பு அட்டை, சிவப்பு மையில் கோடு, நான்கைந்து பத்திகள், கடைசியில் கண்காணிப்பாளரின் கையெழுத்து. மதிப்பெண் போட்டு முடிந்ததும் எடைக்குப் போய்விடும். கவிதைத் தொகுப்புகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கை இதற்குத் தந்திருந்தால், நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஏன் இப்படி ஆயின என்பதைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாகப் பேசியிருப்போம் என்று எனக்குப் படுகிறது.

நான் தமிழ் எம்.ஏ. பிறகு பி.எட்.டும் தமிழில்தான். ஆனாலும் அறிவியல் பிரிவு நண்பர்களின் ஏடுகளை நிறையப் படித்திருக்கிறேன். பிரதி என்ற அளவில் அவை விசித்திரமானவை. வடிவத்தில் அவை நாடகங்கள். ‘ஆசிரியர் செயல்’ ஒரு பத்தி, ‘மாணவர் செயல்’ அடுத்த பத்தி. ஆசிரியர் கேள்வி கேட்பார்; மாணவர் பதில் சொல்வார். அந்தப் பதிலை முந்தின இரவே ஆசிரியர் எழுதி வைத்துவிட்டார் என்பதுதான் விஷயம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரின் வாயிலிருந்து வரவேண்டிய சொல், அவர்கள் வாய் திறக்கும் முன்பே ஏட்டில் ஏறிவிடுகிறது. வினைமுற்றுகளையும் கவனியுங்கள். ‘மாணவன் விசையை வரையறுப்பான்’, ‘மாணவன் எடுத்துக்காட்டுகள் தருவான்’, ‘மாணவன் வேறுபடுத்துவான்’. எல்லாம் எதிர்காலம், எல்லாம் ஆண்பால் ஒருமை, எதிலும் ஐயம் இல்லை. ‘மாணவி திகைப்பாள்’ என்றோ ‘மாணவன் மறுத்துக் கேட்பான்’ என்றோ எழுதிய ஏடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இந்த வடிவத்துக்கு வம்சாவளி உண்டு. படிப்படியாகப் பாடம் நடத்தும் முறை 1841இல் இறந்த ஜெர்மானியத் தத்துவவாதி ஹெர்பார்ட்டிடம் தொடங்கி, அவரது சீடர்கள் ஸில்லர், ரைன் கைகளில் ஐந்து படிகளாக இறுகியது. ‘வரையறுப்பான், வேறுபடுத்துவான்’ என்ற வினைச்சொல் பட்டியல் பெஞ்சமின் புளூமின் பெயரால் வருவது. 1956இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாடு, தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி தேடிய முயற்சி. 1950களின் பிற்பகுதியில் புளூமே இந்தியா வந்து மதிப்பீடு பற்றிப் பயிலரங்குகள் நடத்தினார். தேர்வைச் சீர்திருத்த வந்த மொழி, ஐம்பது அறுபது வருடங்களில், ஆசிரியரைத் தேர்வு செய்யும் சடங்காகிவிட்டது.

இங்கே ஃபூக்கோவைக் கொண்டுவருவது சுலபம். கால அட்டவணை, கண்காணிப்பு, தேர்வு, பதிவேடு, இவற்றின் வழியே உடல்கள் பழக்கப்படுவது, எல்லாம் அவர் 1975இல் எழுதியதற்கு அச்சாகப் பொருந்தும். நண்பர்கள் சிலர் இதைத் தொடர்ந்து எழுதியும் வருகிறார்கள். அவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், நவீன அறிவியலே மேற்கத்தியக் கதையாடல், ஆசிரியப் பயிற்சி அதன் தரகு என்று முடிக்கிறார்கள். மேற்கு, கிழக்கு என்று அவ்வளவு சுத்தமாக வகிர்ந்துவிட முடியுமா? ஃபூக்கோ அந்த நூலில் விவரிக்கும் பரஸ்பரப் போதனைப் பள்ளிகளின் ஒரு வேர் நம் ஊரில் இருக்கிறது. 1789இல் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டைத் தம் விடுதியில் அமைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பரவியது. திண்ணை மணல் கப்பலேறிப் போய் ஒழுங்குமுறையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆக, எல்லாம் அவர்கள் தலையில் என்று கையைத் தட்டிவிட முடியாது.

என் கருத்து வேறுபாடு இன்னும் அடிப்படையானது. பாடக்குறிப்பேட்டில் அதிகாரம் இருக்கிறது என்று சொல்வதோடு விமர்சனம் முடிந்துவிட்டால், அந்த ஏட்டில் அறிவியல் எங்கே போயிற்று என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. 

ஒன்பதாம் வகுப்பு அளவில் வரும் ‘வேலை’ என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். விசை செயல்பட்டு, பொருள் அந்த விசையின் திசையில் நகர்ந்தால்தான் இயற்பியலில் வேலை. வழக்கமான உதாரணம்: தலையில் சுமையோடு சமதளத்தில் சீராக நடக்கும் கூலியாள், சுமையின் மீது செய்யும் வேலை சுழி. இயற்பியல் இதில் பிசகவில்லை. சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு கிடையாக, இரண்டும் செங்குத்து.

என் விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இயற்பியல்காரர். கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்தினார். ஒரு பையன் எழுந்து, “சார், அப்போ எங்கப்பா காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்குறது வேலை இல்லியா? ஏன் சார் வேர்க்குது?” என்று கேட்டிருக்கிறான். நண்பர், “அது பாடத்துல இல்ல, உட்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போனார். கண்காணிக்க வந்த பேராசிரியர் ஏட்டில் எழுதிய குறிப்பு: ‘வகுப்புக் கட்டுப்பாடு நன்று.’ நண்பரே சுமை தூக்கியவரின் மகன்தான். அவருக்கும் அந்தக் கேள்வி பள்ளியில் தோன்றியிருக்கும். அவரையும் யாராவது உட்கார வைத்திருப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு அறிவியலில் பதில் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். சுமையைத் தாங்கும் தசை மேசையைப் போல சும்மா இருப்பதில்லை. அதன் நார்கள் ஓயாமல் இழுபட்டுத் தளர்ந்து மறுபடி இழுபடுகின்றன. உண்ட சோற்றின் ஆற்றல் அங்கே செலவாகி வெப்பமாகிறது, அதனால் வியர்வை. சுமைக்கு ஆற்றல் சேரவில்லை, ஆனால் உடலிலிருந்து போய்விட்டது. இந்த நான்கு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் பையன் ‘வேலை’, ‘ஆற்றல்’ இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்திருப்பான். அப்பாவின் வியர்வையும் சுழியாகியிருக்காது. எம்.எஸ்ஸி. படித்த நண்பருக்கு விசையும் தெரியும், தசையும் ஓரளவு தெரியும். இந்த இடத்தில் இந்தப் பையனிடம் இந்தச் சொல் இடறும் என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இந்த அறிவுக்குத்தான் 1986இல் லீ ஷுல்மன் ஒரு பெயர் வைத்தார். பாடப்பொருள் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று. இரண்டும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு: குறிப்பிட்ட பாடத்தைக் குறிப்பிட்ட வயதில் எங்கே எப்படிப் பிழையாகப் புரிந்துகொள்வார்கள், எந்த உதாரணம் அதைத் திறக்கும் என்ற அறிவு. கலிபோர்னியாவில் 1875இல் ஆசிரியர்களுக்கு வைத்த தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் பாடப்பொருள் பற்றியே இருந்தன. நூறு வருடத்தில் நிலைமை தலைகீழாகிப் பாடப்பொருளே காணாமல் போனது என்று அவர் காட்டுகிறார். நம் பி.எட்.டில் உளவியல் தனித்தாள், கற்பித்தல் முறை தனித்தாள். இயற்பியலைத்தான் ஏற்கெனவே பட்டப்படிப்பில் முடித்தாயிற்றே!

லிபிங் மா 1999இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது. ஒன்றேமுக்காலை அரையால் வகுக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் ஒரு கதையும் சொல்ல வேண்டும். 23 அமெரிக்க ஆசிரியர்களில் சரியாக வகுத்தவர்கள் பாதிக்கும் குறைவு. பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். 72 சீன ஆசிரியர்களும் சரியாக வகுத்தார்கள். பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் சீனர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அமெரிக்கர் பலர் சறுக்கியது அரையால் வகுப்பதைப் பாதியாக்குவது என்று எடுத்துக்கொண்டதில். தமிழிலும் ‘அரையால் வகு’, ‘அரையாகப் பிரி’ இரண்டும் காதில் ஒன்றுபோலத்தான் விழுகின்றன. ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை தடவை வரும் என்று ஒரு பாட்டியிடம் கேளுங்கள். மூன்றரை என்பார். கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களுக்குத் தனிப்பெயர் வைத்து எண்சுவடியில் ஓதிய மொழி இது. அந்தக் கணித வழக்கின் சமூக வரலாற்றை செந்தில் பாபு 2022இல் தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கணிதம் கற்பிக்கப்போகிறவர் கையில் இதெல்லாம் இருக்க வேண்டாமா?

தமிழ் எம்.ஏ.க்காரனுக்கு அறிவியல் பயிற்சியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது பொருளின் அளவு. புவி அதை இழுக்கும் விசை ‘எடை’. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் பொருளின் அளவு ‘திணிவு’. புவி இழுக்கும் விசைதான் ‘நிறை’. ஒரே சொல், பாக் நீரிணையின் இரு கரையிலும் இயற்பியலின் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். பழைய வழக்கில் தராசில் நிறுப்பது எல்லாமே நிறைதான். நிறையும் எடையும் ஏன் குழம்புகின்றன என்பதற்குப் பாதிக் காரணம் பிள்ளையின் மூளையில் இல்லை, சொல்லின் சரித்திரத்தில் இருக்கிறது. இதைப் பயிற்சியில் ஒரு மணி நேரம் பேசலாம். பேசுவதில்லை.

வேறு மாதிரி நடக்கவே நடக்காதா? நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையமும் தொடங்கியதை, 1982 முதல் ஏகலவ்யா நடத்தியது. கோடை விடுமுறையில் கிராம ஆசிரியர்கள் கூடி, பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் தாங்களே செய்து பார்த்தார்கள். பல்கலைக்கழக, ஆய்வுநிறுவன விஞ்ஞானிகள் வந்து அவர்களோடு உட்கார்ந்தார்கள். அதன் பிறகு மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது சொதப்பியது என்று பேசினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்ப ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயரில் பதில் போகும். மூட்டை தூக்குகிறவரின் மகன் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு முகவரி இருந்தது. 2002இல் மாநில அரசு அதை மூடியது.

இப்போது பேச்செல்லாம் வருடக் கணக்கு பற்றி. 2015இல் பி.எட். இரண்டு வருடமானது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதி என்கிறது. மைசூர் உள்ளிட்ட நான்கு வட்டாரக் கல்லூரிகள் 1960களிலேயே பாடப்பொருளையும் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருடம் நடத்திப் பார்த்தவைதான். வருடம் கூடினால் ஏடும் தடிக்கும். ‘மாணவர் செயல்’ பத்தியை முந்தின இரவு நிரப்பாமல் காலியாக விட்டு வகுப்புக்குப் போகிறவருக்குக் கண்காணிப்பாளர் எத்தனை மதிப்பெண் போடுவார் என்பது பற்றி எந்த அறிக்கையிலும் நான் ஒரு வரி பார்க்கவில்லை.