ஓவெலின் யானையும் பெயரற்ற கூலியும்

ஜோர்ஜ் ஓவெல் 1936 இல் வெளியிட்ட ‘யானையைச் சுடுதல்’ என்னும் கட்டுரை, ஏகாதிபத்திய எதிர்ப்பிலக்கியமாகவே பெரிதும் நோக்கப்பட்டு வந்துள்ளது. பர்மாவின் மோல்மெய்னில், மதம் பிடித்துச் சங்கிலியறுத்த வளர்ப்பு யானையொன்று கூலியாளொருவனைக் கொன்றுவிடுகின்றது. கதைசொல்லி சென்றடையும்போது அதன் மதம் தணிந்து விட்டது. வயலில் அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. எனினும் பின்னால் திரண்டு நிற்கும் ஈராயிரம் பேரின் நகைப்புக்கு அஞ்சியே அவர் அதனைச் சுடுகின்றார்.

மாண்ட கூலி ஒரு திராவிடன் என்பது போகிற போக்கில் கூறப்படும் செய்தி. பலர் இதனைக் கவனியாது கடந்துவிடுவர். மாவனல்லைத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு அது இயலவில்லை. யானையின் மரணம் அணுவணுவாக விபரிக்கப்படுகின்றது. கூலியின் சடலமோ ஒரு பந்தியோடு அகன்றுவிடுகின்றது. கூலியைவிட யானையே விலைமதிப்புடையது என இளம் வெள்ளையர் பேசிக்கொள்கின்றனர். அவன் இறந்தமையால் சட்டம் தன் பக்கம் நின்றதென மகிழ்ந்ததாகக் கதைசொல்லியும் ஒப்புக்கொள்கின்றார். இந்த நேர்மையே கட்டுரையின் பலம் எனலாம். ஆயினும், அக்கூலி அந்நாட்டுக்கு எவ்வாறு வந்தான் என்ற வினாவை ஓவெல் எழுப்பவேயில்லை.

யானையா, கூலியா என்று தராசிலிடுவதே பிழையான நோக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காக நமது மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. யானை வேட்டை வெள்ளையரின் பொழுதுபோக்காயிற்று. மேஜர் றொஜேர்ஸ் என்பார் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறுவர். அதே காப்பிக்காகவே எம் முன்னோரும் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடத்திவரப்பட்டனர். வழியில் மடிந்தோர் பலர். இரு அழிவுகளுக்கும் கணக்குப் புத்தகம் ஒன்றே.

மாவனல்லையூடாகப் பாயும் மகா ஓயாவிலேதான் பின்னவலை யானைகள் நீராடுகின்றன. தாயிழந்த குட்டிகளுக்காக வனசீவராசிகள் திணைக்களம் 1975 இல் அமைத்த அக்காப்பகம், 1978 இல் மிருகக்காட்சிசாலை நிருவாகத்தின் கைக்கு மாறியது. அடைக்கலம் காட்சியாக மாறியமைக்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு வேண்டியதில்லை. கண்ணிவெடியில் காலிழந்த குட்டியொன்றும் அங்கே வளர்க்கப்பட்டது; போரையுங்கூட அனுமதிச்சீட்டு வாங்கிப் பார்த்தோம்.

கைத்தொலைபேசிகளை உயர்த்தியவாறு ஆற்றங்கரையில் நிற்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கின்றேன். மோல்மெய்ன் கூட்டம் வேடிக்கையோடு இறைச்சியையும் எதிர்பார்த்தது. நாங்கள் ஒரு நல்ல படத்தை எதிர்பார்த்தோம். யானை கரைப்பக்கம் திரும்பவில்லை. பாகன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அங்குசத்தை உயர்த்தினான்.