ஆற்காட்டு வைரமும் ஏலப் பட்டியலின் மொழியும்

ஏலப் பட்டியலையும் ஓர் எழுத்து வகையாகக் கொண்டு திறனாய்வு செய்ய இடமுண்டு. பொன்னிற் செய்து மணிகள் இழைத்த பழங்காப்பு ஒன்று விற்பனைக்கு வருமானால், அதன் எடை, கற்களின் இனம், வேலைப்பாட்டின் நயம் ஆகியவற்றைப் பட்டியல் துல்லியமாக உரைக்கும். பின்னர், கைமாறிய வரலாறு என்ற பெயரில் சில உரிமையாளர்களை வரிசைப்படுத்தும். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதற்கு அங்கே பெரும்பாலும் ஒரு காற்புள்ளியே விடை.

2019 ஜூன் 19 அன்று, கத்தர் அரச குடும்பத்தாரின் அல்தானி தொகுப்பில் ஒரு பகுதியை கிறிஸ்டீஸ் நிறுவனம் நியூயார்க்கில் ஏலமிட்டது. மொத்த விற்பனை சுமார் 10.9 கோடி டாலர். அதில் ‘ஆற்காடு இரண்டு’ என்னும் 17.21 காரட் வைரம் 33 இலட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. மகாராஜாக்களின் பெயரையும் முகலாயரின் பெயரையும் இணைத்து அவ்விற்பனைக்குத் தலைப்பிட்டிருந்தனர். கல்லுக்குப் பெயர் தந்த நவாப் முஹம்மது அலீ வாலாஜாவோ மகாராஜாவும் அல்லர், முகலாயரும் அல்லர்.

பொன்னும் மணியும் கலந்த அணியை விற்பது பற்றி நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹதீஸ் ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. கைபர் நாளில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் அத்தகைய கழுத்தணி ஒன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த பொன்னே பன்னிரண்டு தீனாரை விஞ்சி நின்றது. பிரித்தறியாமல் அதனை விற்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ சட்டவியலார் இதனை அதன் வெளிப்பொருளிலேயே கொள்வர். விலையாகத் தரும் பொன் அணியிலுள்ள பொன்னைவிட அதிகமாயின் விற்பனை செல்லும் என்பது ஹனஃபீகளின் நிலை. பொன்னுக்குப் பொன் மாற்றும் வாணிபத்துக்குரிய சட்டம் இது. டாலர் ஏலத்தின்மீது இதனை அப்படியே ஏற்றிக் கூற நான் முற்படவில்லை. ஆயினும், கலந்து கிடப்பதைப் பிரித்தறிந்த பின்பே மதிப்பிடுக என்னும் நெறி விமர்சகனுக்கும் உதவும்.

பிரித்துப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கல் நவாபிடமிருந்து இங்கிலாந்தின் ராணி சார்லட்டுக்குச் சென்றது. ‘அன்பளிப்பு’ என்பதே எல்லாரும் வழங்கும் சொல். வழங்கியவரின் நிலை என்ன? கும்பினியின் ஊழியர்களிடமும் சென்னையிலிருந்த ஆங்கில வட்டிக்காரர்களிடமும் கழுத்தளவு கடன்பட்டவர் அவர். ‘ஆற்காட்டு நவாபின் கடன்கள்’ பற்றி எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய நெடிய உரை பெயர்பெற்றது. கர்நாடகச் சீமையின் நிலவரி அக்கடனுக்கு ஈடாக எழுதி வைக்கப்பட்டது. காஞ்சிபுரம் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763இல் கும்பினிக்கு ஜாகீராக விட்டு, அதனையே குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி வசூலித்தவரும் இதே நவாப்தாம். திருப்புட்குழியைக் கடந்து மேற்கே ஆற்காட்டை நோக்கிச் செல்லும் பெருவழியின் இருமருங்கிலும் விளைந்த நெல்லும் ஓடிய தறியும் அந்த வரிக்கு உட்பட்டவை.

கடன் சொத்தை விஞ்சிய ஒருவர் அன்பளிப்பு வழங்கலாமா? கடனுக்காக ஒருவரின் கொடுக்கல் வாங்கலைத் தடை செய்வதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்பதில்லை. கடன் கொடுத்தோர் கோரினால் காழி தடை விதிக்கலாம் என்பது அன்னாரின் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரின் தீர்வு. அன்பளிப்பு என்னும் சொல்லுக்குள் இத்தனை வழக்கு இருக்கிறது. பட்டியலெழுத்து இவற்றைத் தொடுவதில்லை.

ராணியின் உயிலோ பட்டியல்களைவிட வெளிப்படையானது: நவாப் தந்த கற்களை விற்று, தொகையைப் புதல்வியர் நால்வருக்குப் பகிர வேண்டும் என்கிறது. 1837இல் இலண்டன் ஏலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு இவற்றை வாங்கினார். 1930இல் அக்குடும்பத்தின் மணிமுடியில் பதிக்கப்பட்டன. 1959இல் அம்முடி 1,10,000 பவுனுக்கு ஹாரி வின்ஸ்டனிடம் சேர்ந்தது. அவர் கற்களைப் பெயர்த்தெடுத்து, பொலிவு கூட்டும் பொருட்டு மீண்டும் தீட்டினார். முதலில் 23.65 காரட்டாக இருந்த கல் இன்று 17.21 காரட். நவாபின் கை பட்ட பரப்பு தூளாகிப் போயிற்று. ஆற்காடு என்னும் பெயரை மட்டும் எவரும் தீட்டி எறியவில்லை. விலையில் அதற்கும் பங்குண்டல்லவா?

ஏலம் என்ற முறை மீது நமக்கு மறுப்பில்லை. விரிப்பு ஒன்றையும் கிண்ணம் ஒன்றையும் நபி (ஸல்) அவர்களே கூடுதல் விலை கேட்டு விற்றதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’தான் விலக்கப்பட்டது. குறைந்தபட்ச விலையை எட்டும் வரை விற்பவர் சார்பில் ஏலமிடுவோரே விலை கேட்கலாம் என்று பெருநிறுவனங்களின் நிபந்தனைகளில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் ஃபிக்ஹு மாணவன், அவ்விடத்தில் சற்று நிற்கவே செய்வான்.

நாட்டைவிட்டு முன்பே போன பொருள்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தால் மீட்பது அரிது. எனினும், வழியே இல்லை என்பதற்கில்லை. நிஜாமின் நகைகள் 173ஐ இந்திய அரசு 1995இல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிப்ரஹ்வா மணிகளின் ஹாங்காங் ஏலம் 2025 மே மாதம் அரசின் எதிர்ப்பால் நின்றது. ஜூலையில் அவை நாடு திரும்பின. ஆற்காட்டுக் கல்லுக்காக 2019இல் தமிழகத்தில் பெருங்குரல் எதுவும் எழவில்லை.

வாலாஜாவை ஊதாரி என்று மட்டும் எழுதினால் அதுவும் பட்டியல் செய்யும் பிழையே ஆகும். லக்னோவின் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து மதரஸா அமைத்துத் தந்தவர் அவர். உசூலுல் ஃபிக்ஹில் ‘ஃபவாத்திஹுர் ரஹமூத்’ என்னும் விரிவுரையை எழுதிய அப்பேரறிஞர், 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியுள்ளார்கள். அந்த நூலை நாம் இன்றும் ஓதுகிறோம். ஆற்காடு என்ற சொல்லுக்குக் குறிப்பு எழுதப் புகுவோர், ராணி சார்லட்டின் பெயருக்கு முன்னால் பர்க்கின் உரைக்கு ஒரு வரியும், இந்தப் பள்ளிவாசலுக்கு ஒரு வரியும் ஒதுக்க வேண்டும்.