ஆதியாகமத்தின் இரண்டு சிருஷ்டிகள்

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்லும் சிருஷ்டியும் இரண்டாம் அதிகாரம் சொல்லும் சிருஷ்டியும் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும். முரண்படுகின்றன. முதலாவதில் மூன்றாம் நாள் செடிகொடிகள், ஐந்தாம் நாள் மீனும் பறவையும், ஆறாம் நாள் மிருகங்கள், அதே நாளில் எல்லாவற்றுக்கும் கடைசியாக மனிதன் - ஆணும் பெண்ணுமாக, ஒரே மூச்சில். இரண்டாவதில், மழையே பெய்யாத, ஒரு பூண்டும் முளைக்காத பூமியில் முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு அவனுக்குத் துணை தேடி மிருகங்களும் பறவைகளும், அவற்றில் எதுவும் சரிப்படாமல் கடைசியில் பெண். வரிசை வேறு. வேலை நடக்கும் விதம் வேறு. வேலை செய்பவரின் பெயரே வேறு. இதை மறுக்கிறவர்களுக்கு இந்த எழுத்தின் மேல் இருப்பது பக்தி என்று எனக்குத் தோன்றவில்லை. பயம் என்றுதான் தோன்றுகிறது.

இதைத் திரும்பவும் யோசிக்க வைத்தவர் ஒரு நண்பர், கவிஞர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுவதுண்டு. பைபிளை இலக்கியமாக வாசிப்பதைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, அவர் குறுக்கிட்டார்: "ரெண்டு பக்கத்தை டேலி பண்ணத் தெரியாதவன் எழுதினதைப் போய் இலக்கியம்னு சொல்றீங்க. உங்க பாங்க்ல இப்படி ஒருத்தன் இருந்தா விட்டு வைப்பாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு டேலி என்பது ஜீவனோபாயம். மாலையில் கேஷ் எண்ணும்போது பத்து ரூபாய் குறைந்தாலும் குற்றம், பத்து ரூபாய் கூடினாலும் குற்றம். மறுநாள் மதியம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே பக்கத்துக் கவுண்டர்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தம் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவர். அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. "முதல் அதிகாரம் சம்மரி சார், ரெண்டாவது டீட்டெய்ல். ஸ்டேட்மெண்ட்டும் அனெக்ஷரும் மாதிரி" என்றார். பதினோராம் நூற்றாண்டு யூத உரைகாரர் ராஷி ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார் - பொதுவாகச் சொல்லிவிட்டுப் பிறகு விவரிப்பது என்று. ஆனால் அனெக்ஷரில் விவரம் கூடலாம், தேதி மாறக்கூடாது. இங்கே தேதி மாறுகிறது.

நண்பரும் சக ஊழியரும் எதிரெதிர்க் கட்சி என்பது அவர்கள் எண்ணம். எழுத்து என்றால் கணக்கைப் போலச் சரிக்குச் சரியாக நின்றாக வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஒருவர் நிற்கவில்லை என்று தள்ளிவிடுகிறார். மற்றவர் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்.

முட்டுக் கொடுத்த சரித்திரம் சுவாரஸ்யமானது. இரண்டாம் அதிகாரத்தில் மிருகங்களை மண்ணிலிருந்து உருவாக்கி மனிதனிடம் கொண்டுவரும் வசனத்தை எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் இருப்பது கதையில் சம்பவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும் சாதாரண வினை வடிவம். மனிதன் தனியாக இருக்கிறான், எனவே மிருகங்கள் உருவாக்கப்பட்டன, எனவே கொண்டுவரப்பட்டன. கிறிஸ்துவுக்கு முன்பே இதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'மேலும்' என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல்லைச் செருகினார்கள். ஏற்கனவே மிருகங்கள் உண்டு, இப்போது மேற்கொண்டு கொஞ்சம் என்று ஆகிவிட்டது. கி.பி. 400ஐ ஒட்டி லத்தீனில் பெயர்த்த ஜெரோம், உருவாக்கியதை 'உருவாக்கப்பட்டபின்' என்ற எச்சத்தொடராக மடித்து வைத்துவிட்டார். 1611ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பு யோக்கியமானது, வெறும் இறந்தகாலத்தோடு நிறுத்திக்கொண்டது. 1978இல் முழுமையாக வெளிவந்த புதிய சர்வதேச மொழிபெயர்ப்போ ஒரு 'ஹேட்' போட்டது. பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் நான் உருப்படியாகக் கற்றது இந்த 'ஹேட்' என்ன வேலையெல்லாம் செய்யும் என்பதைத்தான். மூன்றெழுத்தில் மிருகங்கள் மனிதனுக்கு முன்னால் போய்விடுகின்றன, முரண் தீர்ந்தது. ஆனால் கதையும் தீர்ந்தது. மிருகங்கள் முன்பே இருந்தவை என்றால் மனிதனின் தனிமையைக் கண்டு கடவுள் பதறிப்போய்ச் செய்த காரியம் எதுவும் மிச்சமில்லை. லாயத்திலிருந்து பிடித்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

தமிழ் பைபிள் இங்கே தப்பித்துக்கொள்கிறது. 'உருவாக்கி' என்ற நம் வினையெச்சத்துக்கு எப்போது என்ற கவலை கிடையாது. நேற்றே உருவாக்கி இன்று கொண்டுவந்திருக்கலாம், இப்போதே உருவாக்கிக் கையோடு கொண்டுவந்திருக்கலாம். அதுமட்டுமல்ல, நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு வேறொரு விஷயத்தில் மூலத்துக்கு மிகுந்த விசுவாசத்தோடு இருந்திருக்கிறது. முதல் கதை முழுவதும் 'தேவன்'. இரண்டாம் கதை தொடங்கியதும் 'தேவனாகிய கர்த்தர்'. ஞாயிறுதோறும் இதைக் காதால் கேட்கிற எந்தக் கிராமத்துச் சபையாருக்கும் இந்த மாற்றம் கேட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதைப் பிடித்துக்கொண்டு நூல் பிரித்தவர் ஒரு மருத்துவர் - பிரெஞ்சுக்காரரான ழான் அஸ்த்ருக், 1753இல், பெயர் போடாமல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில். மோசேதான் எழுதினார் என்பதைக் காப்பாற்றுவதற்காக, மோசேயின் மேஜையில் இரண்டு பழைய ஏடுகள் இருந்தன என்று அவர் நிரூபிக்கப் போனார். ஏடுகள் நின்றன. மோசே போய்விட்டார். 1878இல் வெல்ஹவுசன் வந்து ஏடுகளுக்குக் காலமும் எழுத்தடையாளமும் கொடுத்து முடித்தார். அவருடைய கட்டுமானத்தில் எத்தனையோ தூண்கள் இன்று ஆட்டம் கண்டுவிட்டன என்றாலும், முதல் இரண்டு அதிகாரங்களும் இரு வேறு கைகள் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவர்களிடம் உள்ள மனத்தாங்கல் வேறு. பிரித்தவர்களுக்குக் கிடைத்த கௌரவத்தில் சேர்த்தவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தால் அவனைக் குறித்தார்கள் - தொகுத்தவன். இரண்டு ஃபைல்களை ஒரு டேக்கில் கோத்து அனுப்பும் ஆபீஸ் பையன். அந்த 'ஆர்' என்பதை 'ரப்பேனு', அதாவது நம் ஆசான், என்று வாசிக்க வேண்டும் என்று ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் சொன்னது எனக்குப் பிடித்த விமர்சன வாக்கியங்களில் ஒன்று.

நாம் கண்டுபிடித்த முரண் அவன் கண்ணுக்குப் படாமல் போயிருக்குமா? பக்கத்துப் பக்கத்தில் அல்லவா வைத்திருக்கிறான்.

இரண்டின் நடையையும் அடுத்தடுத்து உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். முதலாவது தண்ணீரில் தொடங்குகிறது. எங்கும் நீர், இருள், ஆழம். கடவுள் தொடுவதில்லை, சொல்கிறார்; சொன்னது ஆகிறது. ஆறு நாட்களில் எட்டுக் காரியங்கள், ஒவ்வொரு நாளின் முடிவிலும் மாலையும் காலையும் வந்து கதவைச் சாத்துகின்றன. சூரியன் வருவதற்கு மூன்று நாள் முன்பே வெளிச்சம் வந்துவிடுகிறது என்று கேலி செய்பவர்கள், சூரியனுக்கும் சந்திரனுக்கும் இங்கே பெயரே தரப்படவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. பெரிய விளக்கு, சின்ன விளக்கு, அவ்வளவுதான். பாபிலோனுக்குச் சிறை போன கி.மு. ஆறாம் நூற்றாண்டோடு இந்தப் பகுதியைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். சூரியனையும் சந்திரனையும் தெய்வமாகக் கும்பிட்ட ஊரில், அவற்றை விளக்கென்று அழைத்து நான்காம் நாளுக்குத் தள்ளியவன் வானசாஸ்திரம் தெரியாதவனல்ல. வஞ்சம் தீர்த்துக்கொண்டவன்.

இரண்டாவது தாகத்தில் தொடங்குகிறது. வறண்ட மண். குயவன் செய்யும் வேலைக்கு எபிரேயத்தில் உள்ள வினைச்சொல்லே இங்கே கடவுளின் வேலைக்கும். முதல் கதை விரும்பும் 'பாரா' என்ற வினை பைபிளில் கடவுளைத் தவிர வேறு எவருக்கும் வருவதில்லை. இந்த 'யாட்சர்' மண் பிசையும் எவனுக்கும் வரும். ஆதாமா என்ற மண்ணிலிருந்து ஆதாம். (தமிழில் மண்ணும் மனிதனும் ஒரே எழுத்தில் ஆரம்பிப்பது தற்செயல். எபிரேயத்தில் இது தற்செயலாக விடப்படவில்லை.) இந்தக் கடவுள் குனிந்து நாசியில் ஊதுகிறார், நடுகிறார், மனிதன் என்ன பெயர் வைப்பான் என்று வேடிக்கை பார்க்கிறார். அவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஒரு முயற்சி தவறி, மறு முயற்சி செய்கிறார்.

பட்டியல் போடுகிறவர்கள் பறவை முந்தியா மனிதன் முந்தியா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதைவிட ஆழமான முரண் வேறிடத்தில் தெரிகிறது. முதல் கதையில் செய்தவை நல்லவை என்று ஏழு முறை வருகிறது. ஏழாவது முறை, மிகவும் என்ற அடையோடு. பாக்கி எதுவுமில்லை, ஓய்வு. இரண்டாம் கதையில் அந்தச் சொல் மனிதனைப் பற்றி வரும்போது எதிர்மறையாக வருகிறது: தனியாக இருப்பது நல்லதல்ல. அப்பழுக்கில்லாத உலகம் ஒன்று. செய்துகொண்டிருக்கும்போதே பழுது தெரிந்து கை வைக்க வேண்டியிருக்கிற உலகம் மற்றொன்று. இவற்றை எந்த 'ஹேட்' சமாதானம் செய்துவைக்கும்?

ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்றதன் வாயைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் சரித்திரம் உண்டு. பவுலின் பெயரில் வழங்கும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், பெண் உபதேசிக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணமாகச் சொல்வது ஆதாம் முந்தி உண்டானான் என்பதை. ஒரே மூச்சில் இருவரும் உண்டான அதிகாரம் அங்கே காணாமல் போய்விட்டது. 1895இல் 'பெண்களின் பைபிள்' என்று உரை வெளியிட்ட எலிசபெத் கேடி ஸ்டாண்டன் இதைத்தான் பிடித்துக்கொண்டார் - முதல் கதை எங்களுக்குப் போதும் என்று. 1978இல் பிலிஸ் டிரிபிள் இன்னும் சூட்சுமமாக, இரண்டாம் கதையைக் கைவிடாமலே, பெண் வரும்வரை அங்கே இருப்பது ஆண் அல்ல, வெறும் மண்ணின் ஜீவன் என்று வாசித்தார். மறுபுறம், பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும்படி முதல் கதை தரும் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது என்று 1967இல் லின் வைட் மேற்கின் சுற்றுச்சூழல் சீரழிவுக்கு வேர் தேடினார். தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கச் சொன்ன இரண்டாம் கதை அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தில்தான் இருக்கிறது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் மணவிலக்கைப் பற்றிக் கேட்டு வந்தவர்களுக்கு இயேசு பதில் சொல்லும்போது, முதல் அதிகாரத்திலிருந்து ஒன்றும் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒன்றும் எடுத்து இடைவெளியில்லாமல் சேர்த்துச் சொல்கிறார். இரண்டும் வேண்டியிருந்திருக்கிறது.

தையல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அது அதிகாரங்களுக்கு நடுவில் இல்லை. அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தது. ஏழாம் நாளை அநியாயமாக இரண்டாம் அதிகாரத்துக்குள் தள்ளிவிட்டது. தையல் நான்காம் வசனத்தின் நடுவில். அதன் முற்பாதி வானத்தை முதலிலும் பூமியைப் பின்னும் வைக்கிறது. பிற்பாதி பூமியை முதலில் வைக்கிறது. இரு கைகள் சந்தித்த இடம் என்கிறார்கள் ஒரு சாரார். ஒரே கை வேண்டுமென்றே செய்த கண்ணாடிப் பிம்பம் என்கிறார்கள் மறு சாரார். எப்படியானாலும், மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண் இந்த இடத்தில் தரைக்கு இறங்குகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்தாக வேண்டும் என்பதால் பாதிகள் இடம் மாறி, பூமியில் தொடங்கி வானத்துக்கு ஏறுகிறோம். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் வாக்கிய அமைப்பின் விதி.

இத்தனையும் சொன்னபிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது திருட்டுத்தனம். டேலி என்று கேலி செய்த அதே கவிஞரின் இரண்டு கவிதைகளைப் பற்றிச் சில வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் எழுதியிருக்கிறேன். இரண்டும் அவர் தகப்பனார் ஆஸ்பத்திரியில் இறந்த இரவைப் பற்றியவை. ஒன்றில் மகன் கட்டிலருகே விழித்திருந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மற்றதில் வராந்தா பெஞ்சில் தூங்கிப்போகிறான். யாரோ வந்து எழுப்புகிறார்கள். ஒன்று மற்றதை ரத்து செய்கிறது, அனுபவத்தின் நேர்மை கேள்விக்குள்ளாகிறது என்றெல்லாம் எழுதினேன். படைப்பின் ஒருமை என்று கல்லூரியில் எனக்குக் கற்றுத் தந்ததை அப்படியே அவர் தலையில் இறக்கினேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. தொகுப்பு வந்தபோது ஒன்றுதான் இருந்தது, விழித்திருப்பது. இப்போது அதை வாசித்தால் கையைப் பிடித்திருக்கும் அந்த மகனை என்னால் நம்ப முடியவில்லை. பெஞ்சில் தூங்கியவன் அடுத்த பக்கத்தில் இருந்தவரை நம்ப முடிந்தது. அந்த ஞாயிறு என் வாக்கியத்தைத்தான் அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அடுத்த பதிப்பு வந்தால் மற்றதையும் சேர்க்கச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

மில்டனுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 'பாரடைஸ் லாஸ்ட்'டில் அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார். ஆறு நாள் கதையைத் தேவதூதன் ரஃபேல் சொல்கிறான். மண், தோட்டம், மிருகங்கள், தனிமை, பெண் - இது ஆதாமே தன் ஞாபகத்திலிருந்து சொல்வது. மனிதன் உண்டான அன்று நான் வேறு வேலையாக வெளியே போயிருந்தேன், நீயே சொல் என்று ரஃபேல் கேட்கிறான். 1667இல் வந்த முதல் பதிப்பில் இரண்டும் ஒரே காண்டத்தில் தொடர்ந்து வருகின்றன. 1674இல் மில்டன் அந்தக் காண்டத்தை இரண்டாகப் பிரித்தார். பிரித்த இடத்தில் புதிதாக மூன்று நான்கு வரிகள் எழுதிச் சேர்த்தார்: தூதன் முடித்துவிட்டான், ஆனால் அந்தக் குரல் ஓய்ந்தது தெரியாமல் ஆதாம் இன்னும் சற்று நேரம் காது கொடுத்தபடியே நின்றுகொண்டிருக்கிறான்.